மீனைக் கொன்றது சொட்டு வேகம் அல்ல

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, தன் வீட்டுக் கடல் மீன் தொட்டியில் மீன்கள் செத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நீளமான கடிதம். ஆனால் எது எத்தனை மணிக்கு நடந்தது என்று வருகைப் பதிவேடு போலக் குறித்து அனுப்பியிருக்கிறார். எனக்குப் பாதி விசாரணை அதிலேயே முடிந்துவிட்டது.

மார்ச் கடைசியில் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். மணல், கல் போக சுமார் 170 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சீர்காழிப் பக்கம் இறால் பண்ணை நடத்தும் அவருடைய அண்ணன், தரங்கம்பாடியிலிருந்து கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிக் கொடுத்தார். ஆறு வாரம் ஃபில்டர் ஓடியது. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் மூன்று, நத்தை இரண்டு விட்டார்கள். அவை நன்றாகவே இருந்தன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததாம். தினமும் அரை லிட்டர் போல வற்றும். வற்றிய அளவுக்கு மீதமிருந்த கடல் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

மே மாதத்தில் சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் போனில் சொல்லி நான்கு மீன் வாங்கினார்: இரண்டு நிமோ (கோமாளி மீன்), ஒரு பவுடர் ப்ளூ டேங், ஒரு கிளீனர் ராஸ். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. பிற்பகல் 2 மணிக்குப் பேக் செய்து ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போட்டார்கள். தெர்மோகோல் பெட்டி கைக்கு வந்தது மறுநாள் காலை 6.30. பையைப் பிரித்து, மீன்களைப் பைத் தண்ணீரோடு பக்கெட்டில் ஊற்றி, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் செட்டைத் தொட்டியிலிருந்து தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கலந்திருக்கிறார். புதுத் தண்ணீருக்கு மீனைப் பழக்க அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி. அவர் இருபது வருடமாக இறால் குஞ்சு விடுகிறவர்.

இரண்டாவது மணி நேரத்திலேயே கிளீனர் ராஸ் பக்கெட்டில் சாய்ந்துவிட்டது. டேங் மறுநாள் ராத்திரி போனது. பெரிய நிமோ மூன்றாம் நாள் காலையில். மிஞ்சியது சின்ன நிமோ ஒன்றுதான். ஆறாம் நாள் அதன் துடுப்பிலும் உடம்பிலும் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். இடையில் அண்ணன், உப்பை அளக்கும் தன் ரிஃப்ராக்டோமீட்டரைக் கொண்டுவந்து பார்த்ததில் தொட்டி 38 பிபிடி (ஆயிரத்துக்கு 38 பங்கு உப்பு) காட்டியது. விற்பனையாளரைக் கேட்டால், "நாங்க 25-லதான் வச்சிருப்போம்" என்கிறார். பணம் திருப்பித் தர முடியாது, தவறு உங்களுடையது என்றும் சொல்லிவிட்டார்.

இனி அவருடைய கேள்விகள். சொட்டு வேகம் அதிகமாகிவிட்டதா, ஆறு மணி நேரம் விட்டிருக்க வேண்டுமா? விற்பனையாளரைச் சும்மா விடுவதா? உள்ளூர்க் கடைக்காரர் கொடுத்த நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றலாமா? அண்ணனின் நண்பர் ராமேஸ்வரம் பக்கமிருந்து உயிர்ப்பாறையும் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) பவளமும் சல்லிசாகக் கொண்டுவருவதாகச் சொல்கிறார், வாங்கினால் தொட்டி தேறுமா? மகள் அழுகிறாள், அடுத்த வாரமே புது மீன் விடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு மணி நேரம் சொட்டவிட்டிருந்தால் ராஸ் மட்டுமல்ல, டேங்கும் பக்கெட்டிலேயே போயிருக்கும். உங்கள் தவறு வேகத்தில் இல்லை. பையைத் திறந்த பிறகு அந்தத் தண்ணீரில் மீனை மூன்று மணி நேரம் வைத்திருந்தீர்கள், அதுதான் முதல் அடி. 25-இல் இருந்த மீனை அதே மூன்று மணி நேரத்தில் 38-க்கு ஏற்றினீர்கள், அது இரண்டாவது. ஒன்று அன்றே கொன்றது, மற்றது இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு கொன்றது. உங்கள் நோட்டுக் குறிப்பும் இதையேதான் காட்டுகிறது.

பைக்குள் என்ன நடக்கிறது

கட்டிய பைக்குள் மீன் பதினாறரை மணி நேரம் மூச்சு விட்டிருக்கிறது, கழிவும் விட்டிருக்கிறது. மூச்சில் வந்த கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் தண்ணீரில் கரைந்து, அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச்சை இறக்கிவிடும். கடல் தண்ணீருக்கு 8.2 போல இருக்க வேண்டியது, நீண்ட பயணத்தில் 7-க்குப் பக்கத்தில் வந்துவிடும். கழிவிலிருந்து வருவது அம்மோனியா. பி.ஹெச் குறைவாக இருக்கும்வரை இந்த அம்மோனியாவில் பெரும்பங்கு, மீனை அவ்வளவாகத் தாக்காத அம்மோனியம் என்ற வடிவில் கிடக்கும். அதாவது மீன் தன் மூச்சாலேயே தன் கழிவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கிறது.

பையைத் திறந்த நொடியில் கணக்கு மாறுகிறது. சோடா பாட்டில் மூடியைத் திறந்தாற்போல வாயு வெளியேறும், பி.ஹெச் ஏறும். அதன்மேல் 8.2 உள்ள தொட்டித் தண்ணீரையும் சொட்டவிடுகிறீர்கள், இன்னும் ஏறும். பி.ஹெச் ஒரு புள்ளி ஏறினால் விஷ அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். கலந்த தண்ணீர் அம்மோனியாவை நீர்க்கவைக்காதா என்று கேட்பீர்கள். நீர்க்கவைக்கும்தான், ஆனால் ஒரு மடங்கு தண்ணீருக்கு ஒரு மடங்கு தண்ணீர் சேர்த்தால் பாதிதான் குறையும். விஷத்தின் பங்கோ அதற்குள் பல மடங்கு ஏறிவிட்டது. ராஸ் பக்கெட்டில் சாய்ந்தது இதனால்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். செவுள் வேகமாக அடித்து, மேலே வந்து வாயைத் திறந்து மூடி, பிறகு ஒருக்களித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மோனியாவில் மாட்டிய மீன் அப்படித்தான் போகும்.

அண்ணன் சொன்னது தப்பா என்று வீட்டில் சண்டை வேண்டாம். அவர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. இறால் குஞ்சுப் பை சில மணி நேரத்தில் பண்ணைக்கு வந்துவிடும், குளிரவைத்து அனுப்புவார்கள், மிகச் சின்னக் குஞ்சு. அதைவிட முக்கியமானது இன்னொன்று, அவரையே கேட்டுப் பாருங்கள்: குஞ்சு எடுப்பதற்கு முன்னால் ஹேச்சரிக்கு, அதாவது குஞ்சு பொரிப்பகத்துக்கு, போன் செய்து, "நம்ம குளத்துல உப்பு இவ்வளவு, அதுக்கு இறக்கி அனுப்புங்க" என்று சொல்வாரா இல்லையா? சொல்வார். உப்பைச் சமன் செய்கிற பெரிய வேலை ஹேச்சரித் தொட்டியிலேயே நாள் கணக்கில் முடிந்துவிடுகிறது. குளக்கரையில் அரை மணி நேரம் பையை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலப்பது கடைசி ஒட்டுவேலை. நீங்கள் அந்தப் போனைச் செய்யாமல் ஒட்டுவேலையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

முக்கால் கிலோ உப்பு

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, "தண்ணீர் குறையும்போதெல்லாம் கடல் தண்ணீரே ஊற்றினேன், நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்புக் குறைந்துவிடுமே" என்பது. கிட்டத்தட்ட எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே கிடக்கிறது. வேதாரண்யத்து உப்பளத்தில் பாத்தி கட்டி வேண்டுமென்றே செய்வதை நீங்கள் கூடத்தில் தெரியாமல் செய்தீர்கள். தினம் அரை லிட்டர், ஆறு வாரத்துக்கு 21 லிட்டர். லிட்டருக்கு 34 கிராம் உப்பு என்று வைத்தால் 714 கிராம், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை 170 லிட்டரில் கரைத்துப் பாருங்கள், 34 பிபிடி 38-க்குப் போகும். அண்ணனின் மீட்டர் பொய் சொல்லவில்லை.

விற்பனையாளர் 25-இல் வைத்திருந்ததும் ஏமாற்று வேலை இல்லை. உப்பு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் கொஞ்சம் குறையும் என்று பல கடைகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.

கடல் மீனின் உடம்பில் உள்ள உப்பு, கடலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்புத் தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்டக் கடல் தண்ணீரையே குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே தள்ளுகிறது. சுற்றியுள்ள உப்பு ஏறினால் இந்த வேலைக்குச் செவுள் தன்னைத் தயார் செய்துகொள்ள நாட்கள் வேண்டும். மூன்று மணி நேரத்தில் 13 பிபிடி ஏற்றினால், உப்பு போட்ட மாவடு சுருங்குவதுபோல உள்ளுக்குள் வற்றிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் நாள் நீந்தும், சிலது சாப்பிடக்கூடச் செய்யும். இரண்டாம் மூன்றாம் நாள் விழும். உங்கள் டேங்கும் பெரிய நிமோவும் போனதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும்.

இறங்குவது வேறு கதை. உப்பு அதிகமான தண்ணீரிலிருந்து குறைந்த தண்ணீருக்கு மாறுவதை மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏற்றும்போதுதான் நாளைக்கு ஒன்றிரண்டு பிபிடிக்கு மேல் போகக் கூடாது. நண்டு, இறால், நட்சத்திர மீன் போன்றவற்றுக்கு இரண்டு பக்கமுமே மெதுவாகத்தான் போக வேண்டும். உப்பு மாற்றத்தைச் சமாளிக்க அவற்றில் பலவற்றுக்கு மீனுக்குள்ள வசதி இல்லை. சொட்டு முறை பெயர் வாங்கியது அந்த உயிர்களால்தான். அங்கிருந்து மீனுக்கும் பரவிவிட்டது.

அடுத்த முறை எப்படி

முதலில் ஒரு தனித் தொட்டி. தினுசாக இருக்க வேண்டியதில்லை. 40, 50 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. நான்கு வாரம் புது மீன் அதில்தான் இருக்கும், பெரிய தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காது. ஏர் பம்ப் வாங்கும்போது பேட்டரியில் ஓடுவதாக இன்னொன்றும் வாங்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் கிளம்புவதற்கு முந்தின நாள் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உப்பு எவ்வளவு, மீன் உங்களிடம் வந்து எத்தனை நாள் ஆகிறது. விமானத்தில் வந்திறங்கிய மறுநாளே உங்களுக்கும் அனுப்பினால், அந்த மீன் அடுத்தடுத்து இரண்டு பயணம் செய்கிறது என்று பொருள். ஒரு வாரமாவது வைத்திருந்து, இரை எடுக்கிறது என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். உப்பு 25 என்றால் உங்கள் டப்பிலும் 25. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து முந்தின நாளே தயாராக வைத்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும் கூடத்து விளக்கை அணையுங்கள். இருட்டில் கிடந்த மீனுக்குத் திடீர் வெளிச்சமே ஓர் அதிர்ச்சி. பையைப் பிரிக்காமல் அப்படியே டப்பில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். சூடு சமனாக அது போதும், அரை மணிக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு பையை வெட்டி, ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பத்து வினாடி வேலை. டப்புக்கும் பைக்கும் இரண்டு மூன்று பிபிடி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. டப்தான் அதிகம் என்றால், அதே சூட்டில் தயாராக வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரை டப்பில் ஊற்றி இறக்குங்கள். மீனைக் காக்க வைக்காதீர்கள். பிறகு மீனைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஏந்தி, தண்ணீரை வடித்து, டப்பில் விட்டுவிடுங்கள். வலை வேண்டாம். டேங் மீனின் வாலடியில் கத்தி மாதிரி முள் இருக்கிறது, வலையில் மாட்டி உடம்பெல்லாம் கிழித்துக்கொள்ளும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட டப்பில் விழக் கூடாது, சாக்கடையில் ஊற்றுங்கள்.

பி.ஹெச் திடீரென்று ஏறுகிறதே, அது அதிர்ச்சி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் உண்டு. ஆனால் அம்மோனியாவில் உட்கார வைப்பதைவிட அந்த ஏற்றம் மீனுக்கு எவ்வளவோ லேசு. வெட்டிய பையிலிருந்து டப்புக்குப் போக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவே கூடாது. அன்று இரை வேண்டாம். மறுநாளிலிருந்து, நாளைக்கு ஒன்றிரண்டு பிபிடியாக ஏற்றினால் ஒரு வாரத்தில் 33, 34 வந்துவிடும். மெதுவான வேலையெல்லாம் இங்கே, மீன் நல்ல தண்ணீரில் இருக்கும்போது.

உப்பை அளக்கிற கருவி பற்றி ஒன்று. ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே அதை நம்பி ஒருவர் வீட்டில் ஏழெட்டு மீனைத் தொலைத்தேன். முள்ளில் கடுகளவு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தது. அது முள்ளைத் தூக்கிப் பிடித்து, உப்பு அதிகம் என்று காட்டியது. நானும் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனேன். குமிழியைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. அண்ணனின் ரிஃப்ராக்டோமீட்டரையே கடன் வாங்குங்கள். உப்பு சரியாக 35 பிபிடி உள்ள சோதனைத் திரவம் கடையில் கிடைக்கும், அதை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

மிஞ்சிய நிமோவும் நீல மருந்தும்

மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்த நீலம் மெத்திலீன் ப்ளூவாக இருந்தால், ஆறு வாரம் பொறுத்து வளர்த்த நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிடும். செம்பு கலந்த மருந்தாக இருந்தால் நண்டும் நத்தையும் போய்விடும், மணலிலும் கல்லிலும் செம்பு ஊறிக்கொண்டு பிறகும் தொல்லை கொடுக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் புள்ளிகள் தனித்தனியாக, உப்புக்கல் அளவில் தெரிகின்றன. மீன் இரை எடுக்கிறது என்கிறீர்கள். வெண்புள்ளி நோய் என்றே தோன்றுகிறது. பெரும்பாலும் புது மீனோடு வந்திருக்கும். ஆனாலும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒருமுறை பாருங்கள். மாவு பூசினாற்போல மிக நுண்ணிய தூசி தெரிந்து, மூச்சும் வேகமாக இருந்தால் அது வெல்வெட் என்ற நோய். சட்டை உரிவதுபோல வழவழப்பு தொங்கினால் நிமோக்களுக்கே அதிகம் வரும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய். இந்த இரண்டும் சில நாளிலேயே கொல்லும், கடை மருந்துக்குக் காத்திருக்காமல் உடனே எழுதுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தோலிலிருந்து ஒரு துளி வழவழப்பை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெண்புள்ளிதான் என்றால் மருந்தே இல்லாமல் ஒரு வழி உண்டு. அந்த ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் இருந்து கொழுத்து, கீழே விழுந்து, கூடு கட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சாக வந்து மறுபடி மீனைத் தேடும். கூடு வெடிக்க மூன்று நாளாவது ஆகும். அதற்குள் மீனை வேறு டப்புக்கு மாற்றிவிட்டால் கூடெல்லாம் பழைய டப்பிலேயே தங்கிவிடும். இரண்டு டப் போதும். 1, 4, 7, 10, 13 ஆம் நாட்களில் மாற்றம். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒன்றிரண்டு மணி முந்தினால் நல்லது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், காய்ந்த ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடும் கல்), காய்ந்த குழாய். காலியான டப்பைக் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்து, பிறகு நிமிர்த்திக் காயவிடுங்கள்; நம் ஊர் மே மாத வெயில் இந்த ஒன்றுக்காவது உதவட்டும். ஈரம் ஒரு மூலையில் மிஞ்சினாலும் வேலை வீண். டப்பில் ஃபில்டர் இல்லாததால் இரையைக் கொஞ்சமாகப் போடுங்கள், அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அம்மோனியாவுக்கு நிறமில்லை.

பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் ஓட வேண்டும். நண்டும் நத்தையும் இருக்கலாம், இந்த ஒட்டுண்ணிக்கு மீன் மட்டுமே இரை. அந்தச் சமயத்தில் உப்பையும் சரி செய்துவிடலாம்: தினம் நாலரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர், நான்கு நாள். 34-க்கு வந்துவிடும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, காலையில் பல் துலக்கும்போதே கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், டெல்டாவில் பல ஊர்களில் அதிலேயே என்னென்னவோ கரைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரையோரக் கடல் தண்ணீரும் எடுக்காதீர்கள். ஆற்று வெள்ளம் கலந்து உப்பு எவ்வளவு என்று சொல்லவே முடியாது. இறால் பண்ணை வடிகால் கடலில் விழும் இடத்தை அண்ணனே உங்களுக்குக் காட்டுவார், அங்கேயும் கூடாது.

பணமும் பவளமும்

விற்பனையாளரைப் பற்றி நான் மீன்காரனாகத்தான் சொல்ல முடியும். சட்டப்படி உங்களுக்கு வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடம் வரை அவகாசம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டும் சொல்லலாம். ஆனால் உங்கள் வழக்கு பலவீனமானது. நான்கு மீனும் உயிரோடு வந்தன, பிரித்தபோது எடுத்த வீடியோ இல்லை, தொட்டி 38 காட்டியது. உப்பைச் சொல்லாமல் அனுப்பியது அவர் பங்குக் குறை என்று பக்குவமாகப் பேசி, அடுத்த வாங்குதலில் பாதியாவது கழிக்கச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன். இனி வரும் பெட்டியை, டேப்பை வெட்டுவதற்கு முன்பிருந்தே ஒரே வீடியோவாக எடுங்கள்.

ராமேஸ்வரத்துப் பாறை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். உயிர்ப்பாறை என்று விற்பது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். பாறை கட்டும் பவளம் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே அட்டவணை. செத்த பவளம், கரை ஒதுங்கிய துண்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா. "எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்பார் அந்த நண்பர். நீங்கள் அரசு சம்பளம் வாங்குகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து போகிற இடம். பாக்டீரியா குடியிருக்க செராமிக் கல்லே போதும், அது தொட்டியைத் தேற்றுகிற வேலையை அதே அளவுக்குச் செய்யும்.

புது மீன் பற்றி

அடுத்த வாரம் வேண்டாம், அது தெரிந்திருக்கும். ஆனால் எந்த மீன் என்பதையும் யோசியுங்கள். பவுடர் ப்ளூ டேங் ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும், நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றடித் தொட்டி அதற்குச் சின்னக் கொட்டடி. வெண்புள்ளியும் அதைத்தான் முதலில் பிடிக்கும். கிளீனர் ராஸ் இருந்தால் நோய் வராது என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினீர்கள். கடலில் அது நூற்றுக்கணக்கான மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணியையும் வழவழப்பையும் கொத்தித் தின்று பிழைக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று மீனை வைத்துக்கொண்டு அதன் வயிறு நிறையாது, பட்டினியில் போய்விடும். அது மருந்தும் இல்லை.

நிமோ நல்ல தேர்வு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும் நிமோவைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு கேட்டு வாங்குங்கள். தொட்டி வாழ்க்கை அதற்குப் பழக்கம், போட்ட இரையை எடுக்கும்.

உங்கள் மகள் கடிதத்தின் கடைசியில் தனியாக ஒன்று கேட்டிருக்கிறாள்: அம்மா நிமோ செத்துப்போச்சே, இது இனி தனியாகவே இருக்குமா என்று. கண்ணு, இந்த மீனில் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறும். போனது பெரியது, அதனால் மிஞ்சிய இந்தச் சின்னதுதான் இனி வீட்டுக்குப் பெரியது. 76 நாள் கழித்து இதைவிடச் சின்னதாக ஒரு குஞ்சு வாங்கிவிட்டால், இது கொஞ்ச காலத்தில் பெண்ணாகிவிடும். சமமான அளவில் வாங்கினால் இரண்டும் கடித்துக்கொள்ளும், அதை அம்மாவிடம் சொல்லி வை.

சகோதரி, முதல் டப்பை இன்று மாலையே கழுவி மாடியில் காயவையுங்கள். அண்ணனிடம் சொல்லி 34 பிபிடியில் ஐம்பது லிட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் மாற்றம். நோட்டில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.